நானூறு கிராம் புகைக்கரி

அம்பத்தூர் எஸ்டேட்
12 மார்ச் 2024

அக்காவுக்கு,

வினோத் எழுதுகிறேன். உனக்கு இருப்பது ஒரே தம்பி, அதனால் எந்த வினோத் என்று குழம்ப மாட்டாய். நீ என்னை போனில் பிளாக் செய்து ஐந்து மாதம் ஆகிறது. புனேயில் உன் ஆய்வகத்து நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் காலத்தில் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 27ஆம் தேதி காலையில் நூம்பல் ஃபிளாட்ஸ் ஜெனரேட்டர் ரூம் எரிந்துவிட்டது. நாம் மாட்டிய புகை வடிகட்டிதான் வெடித்தது. 'நாம்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வடிகட்டியை வெல்டு பண்ணி மாட்டியது நான், எப்போது எரிக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது நீ.

இன்சூரன்ஸ் சர்வேயரிடம் சொன்னதை அப்படியே உனக்கும் சொல்கிறேன். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கரி, வடிகட்டிக்குள் இருக்கும் பீங்கான் உருளையில் தங்கும். உருளையைக் கழற்றித் தொங்குதராசில் எடை போடுவேன். கரி நானூறு கிராம் சேர்ந்ததும் திரும்ப மாட்டி, ஹீட்டரைப் போட்டால் கரி எரிந்து போய்விடும். அன்றைக்கு எடை சரியாக நானூற்றைந்து. ஹீட்டரைப் போட்டுவிட்டு, எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனேன். எப்போதும் ஒரு மணி நேரம் ஆகிற வேலை. கால் மணி நேரத்தில் பீங்கான் பிளந்து, நெருப்புத் துண்டுகள் தெறித்து, டீசல் கேனில் விழுந்துவிட்டது. பக்கத்தில் நிறுத்தியிருந்த பதினோரு பைக் போச்சு.

ஜெனரேட்டர் ஆபரேட்டர் நடேசன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான், உனக்குத் தெரியும். இப்போது அவர் பீடி பிடித்ததால்தான் தீ என்று சர்வேயர் எழுதியிருக்கிறார். அசோசியேஷன் செயலாளர் ரோஹித், அவர்மேல் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்.

என் பட்டறைச் சுவரில் நீலப் பெயின்ட்டில் உன் கையால் எழுதினாயே, "400 கிராம் ஆனதும் எரி" என்று. அது இன்னும் அழியவில்லை. அந்த விதி உன்னுடையது, நான் அதை மீறவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜனவரியில் ஒரு டப்பா அனுப்பியிருந்தேன், அதைப் பற்றியும் எழுது.

வினோத்

*

புனே
25 மார்ச் 2024

வினோத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நடேசனுக்கு நேர்ந்ததைப் படித்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் இட்லி வாங்கிக்கொண்டு வந்து நின்ற மனிதர் அவர். நீ வராத நாட்களிலும் வந்தார்.

கையெழுத்து விஷயம். அந்த நானூறு, சாதாரண டீசலில் ஓடுகிற ஜெனரேட்டருக்காகச் சொன்னது. அந்தக் கரி எப்படி எரியும் என்று அளந்து பார்த்துத்தான் சொன்னேன். அறுநூறு டிகிரிக்கு மேல், மெதுவாக, அடங்கி எரியும். ஐந்து வருடம் அப்படித்தானே எரிந்தது? கால் மணி நேரத்தில் பீங்கான் பிளக்கும் அளவுக்குச் சூடாகியிருக்கிறது என்றால் அது வேறு கரி. பார்வைக்கு எல்லாம் கறுப்புதான். ஆனால் எல்லாக் கரியும் ஒரே வேகத்தில் எரியாது. நான் எட்டு வருடம் படித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஆகவே நான் கேட்கிறேன், நீ எழுத்தில் பதில் சொல். அந்த ஜெனரேட்டருக்கு என்ன எண்ணெய் ஊற்றினாய்?

டப்பா எதுவும் எனக்கு வரவில்லை.

போனில் பேசலாம் என்று எழுதாதே. பேசினால் கத்துவோம். அம்மாவின் உடம்பை நான் வந்து சேரும்வரை நாலு மணி நேரம் வைத்திருக்க முடியாத ஒருவனுடன் எனக்குப் பேச எதுவும் இல்லை. விமானம் இறங்கி, வேலப்பன்சாவடி நெரிசலில் டாக்ஸியில் நான் நின்றுகொண்டிருந்தபோது நீ கொள்ளி வைத்துவிட்டாய். இதை நான் மறக்கப்போவதில்லை.

தேவிப்பிரியா

*

அம்பத்தூர் எஸ்டேட்
3 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

டப்பா வரவில்லையா? ஜனவரி 9ஆம் தேதி அனுப்பினேன். தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த ஒப்புகை அட்டை என் மேஜை டிராயரில் இருக்கிறது. 13ஆம் தேதி வாங்கியதாகக் கையெழுத்து. 'தே'வின் கொம்புக்கு மூன்று சுழி போட்டுக் கடைசியில் வால் இழுப்பது உன்னைத் தவிர யாருமில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்தையே போட்டவள் நீ, உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எண்ணெயை மாற்றினேன். ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து தயாரிக்கிற பயோடீசல். பூந்தமல்லியில் ஒருவர் கொடுக்கிறார். ரோஹித்தான் பிடிவாதம் பிடித்தார். ஃபிளாட்டில் பசுமைச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம், அதை வாசலில் மாட்ட வேண்டுமாம். டிசம்பரிலிருந்து பாதிக்கு மேல் அதுதான் ஊற்றினோம்.

புகை குறைந்தது. அதைவிட, கரி பாதி நேரத்தில் எரிந்து போனது. ஒரு மணி நேர வேலை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. நடேசன் அண்ணன், "இன்னா வினோத்து, உன் மிஷினுக்கு வயசு கொறஞ்சிட்ச்சா?" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது. புது எண்ணெய் என்பதால் அப்போதெல்லாம் இருநூறு கிராமிலேயே எரித்துக்கொண்டிருந்தேன்; டீசல் கரி இருநூறு என்றாலும் ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் கரியில் கொஞ்சத்தை ஃபிலிம் டப்பாவில் போட்டு, ஒரு சீட்டும் வைத்து உனக்கு அனுப்பினேன். சீட்டில் என்ன எழுதினேன் என்று எனக்கு மனப்பாடம்: "அக்கா, ஆயில் மாத்தியிருக்கேன். கரி சீக்கிரம் எரியுது. இது நல்லதா கெட்டதா, பார்த்துச் சொல்."

பதில் வரவில்லை. அக்காவே ஒன்றும் சொல்லவில்லை என்றால் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். பிப்ரவரியில், எரிக்கிறபோது வாடை வருகிறது, அடிக்கடி எரிக்காதே என்று ஃபிளாட்காரர்கள் சண்டை போட்டார்கள். சரி, சுவரில் இருக்கிற நானூறு வரைக்கும் பொறுப்போம் என்று விட்டேன். புது எண்ணெயில் முதல் தடவை நானூறு ஆன அன்றைக்குத்தான் வெடித்தது.

இப்போது சொல், டப்பா வந்ததா இல்லையா?

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியப்பாவும் பங்காளிகளும் நின்றார்கள். நான் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை சொல்லவில்லை. அது தப்பு என்றால் தப்புதான். ஆனால் அதற்கு நடேசன் அண்ணனின் கையா பதில்?

வினோத்

*

புனே
19 ஏப்ரல் 2024

வினோத்துக்கு,

டப்பா வந்தது.

போகிக்கு முதல் நாள். வாங்கி, அனுப்பியவர் பெயரில் உன் எழுத்தைப் பார்த்தேன். பிரிக்காமல் என் அறையின் கீழ் டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏதோ சமாதானம் பேச வந்திருக்கிறாய், அம்மாவின் மூக்குத்தியோ வேறெதுவோ அனுப்பி என்னை அழவைக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. கரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரிதான் என் தொழில் என்பதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உன் ஜெராக்ஸ் வந்த அன்றே பிரித்தேன். சீட்டை மூன்று முறை படித்தேன். ஒரு வாரமாக அந்தக் கரியோடுதான் இருக்கிறேன்.

உனக்குச் சொல்கிறேன், முழுதாகப் படி. ஒரு கரித் துகள் என்பது ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். அதற்குள் கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். சாதாரண டீசல் கரியில் அந்தத் தாள்கள் நீளமாக, வழவழவென்று, வெங்காயத் தோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். நெருப்பு ஒரு தாளை அதன் ஓரத்தில்தான் பிடிக்கும், நடுவில் சுலபமாகப் பிடிக்காது. ஆகவே மெதுவாக எரியும். உன் டப்பாவில் இருந்த கரியில் தாள்களே ஒழுங்காக இல்லை. துண்டு துண்டாக, வளைந்து, நடுவில் இடைவெளி விட்டுக் கிடக்கின்றன. எங்கே பார்த்தாலும் ஓரம்தான். போதாததற்கு அந்த ஓரங்களில் எண்ணெயிலிருந்து வந்த ஆக்சிஜனும் ஒட்டியிருக்கிறது. நெருப்பு வெளித்தோலில் நிற்காமல் உள்ளே புகுந்து தின்கிறது.

இரண்டு கரியையும் ஒரே எடையில், ஒரே சூட்டில் எரித்துப் பார்த்தேன். உன்னுடையது நாலரை மடங்கு வேகத்தில் எரிந்தது. இருநூறு கிராம் அப்படி எரிந்தால் பீங்கான் தாங்கிவிடும். நானூறு கிராம் எரிந்தால் அந்தச் சூடு வெளியேற நேரமில்லை. நீ சந்தோஷப்பட்டாயே, அந்த இருபத்தைந்து நிமிடம்தான் எச்சரிக்கை.

ஜனவரி 14ஆம் தேதி நான் இதைப் பார்த்திருந்தால், 15ஆம் தேதி உன்னைக் கூப்பிட்டு, ஹீட்டரில் கை வைக்காதே என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் சொல்லியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்தச் சுவரில் எடையை மட்டும் எழுதிவிட்டுப் போனது நான்தான். அன்றைக்கு நீ, "ஏன் நானூறு? முந்நூறு ஆனா இன்னா, ஐந்நூறு ஆனா இன்னா?" என்று கேட்டாய். இந்தத் தாள் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், உனக்கு எடை போதும் என்று நிறுத்திவிட்டேன். உனக்குப் புரியாது என்று நினைத்தேன். அந்தப் பாதிக் கதையையும் சொல்லி முடித்திருந்தால், எண்ணெயை மாற்றியபோது நீயாகவே நின்று யோசித்திருப்பாய்.

இப்போது எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. நடேசன் பீடியை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவே அதற்காக அவரைப் பாராட்டுவாள். சர்வேயருக்குப் பீடி எங்கிருந்து கிடைத்தது?

அக்கா

*

அண்ணனூர்
29 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

இதைப் பட்டறையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. வீட்டில், அம்மா படுத்திருந்த அறையில் எழுதுகிறேன். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஷெட்டுக்குப் போகிற ரயில் சத்தம். அதுவும் நல்லதுதான், நான் நினைப்பது எனக்கே கேட்பதில்லை.

சர்வேயருக்குப் பீடியைக் கொடுத்தது நான்.

தீ அணைந்த பிறகு எல்லோரும் ஜெனரேட்டர் ரூம் வாசலில் நின்றோம். நடேசன் அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரோஹித் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தொங்குதராசு என் கையில். சர்வேயர் கேட்டார், "அந்த ஆபரேட்டர் பீடி சிகரெட் குடிப்பானா?" நான், "எப்பனாச்சும் குடிப்பாரு சார்" என்றேன். அவ்வளவுதான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நடேசன் அண்ணன் அங்கே இல்லை, நான் இருந்தேன். அந்த ஒரு பேச்சை சர்வேயர் நாலு பக்கமாக எழுதிவிட்டார்.

போன வாரம் அஞ்சலை அண்ணி பட்டறைக்கு வந்தார்கள். நடேசன் அண்ணனின் மனைவி. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. உள்ளே வரவில்லை, ஷட்டர் ஓரத்திலேயே நின்றார்கள்.

"நைனா, நீ கூடவே இருந்தவன். இவரு பீடி குடிச்சாருனு எவனோ சொல்லிகீறான். ஊட்ல ஒரு நெருப்புப் பெட்டி கூட அவரு தொட மாட்டாரு, உனக்குத் தெரியாதா? நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

நான், "சொல்றேன் அண்ணி" என்றேன். அவர்கள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நீ செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அது போதாது.

உன் அறிக்கை வேண்டும். ஆய்வகத்துத் தாளில், முத்திரையோடு. டீசல் கரி இப்படி, இந்தக் கரி அப்படி, நாலரை மடங்கு, தீக்குக் காரணம் கரிதான், பீடி இல்லை என்று எழுது. அது கையில் இருந்தால் நான் சொன்னது பொய் என்று போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரும். வெறுங்கையோடு போனால் மொத்தப் பழியும் என் தலையில் விழும். பட்டறை மூடிவிட வேண்டியதுதான்.

தம்பி

*

புனே
14 மே 2024

தம்பி வினோத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அதைக் கிழிக்கத்தான் போனேன். பிறகு கிழிக்கவில்லை. பூட்டிவைத்த நான், பொய் சொன்ன உன்னை என்ன சொல்வது?

அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஆறு பக்கம். நுண்ணோக்கிப் படங்கள், எரியும் வேக அட்டவணை, முடிவு, எல்லாம் இருக்கிறது. இயக்குநரிடம் கெஞ்சி முத்திரை வாங்கினேன்.

மாதிரி பெறப்பட்ட தேதி என்று முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ஏப்ரல் 10 என்று போட்டிருக்கிறேன். ஜனவரி 13 என்று போட்டால், மூன்று மாதம் ஏன் பதிவேட்டில் ஏற்றவில்லை என்று இங்கே கேட்பார்கள். ஆபத்தான மாதிரியைப் பதிவு செய்யாமல் சொந்த டிராயரில் வைத்தது இங்கே சின்னக் குற்றம் இல்லை. ஆகஸ்டில் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருக்கிறது. தேதியால் அறிவியல் மாறப்போவதில்லை. கரி அதே கரிதான்.

இதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போ.

அக்கா

*

அம்பத்தூர் எஸ்டேட்
27 மே 2024

அக்காவுக்கு,

போனேன். சர்வேயர் ஆபீஸில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அவர் உன் ஆறு பக்கத்தையும் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "தீப்பிடித்தது பிப்ரவரி 27. நீங்க கரி குடுத்தது ஏப்ரல் 10. எரிஞ்சுபோன மிஷினிலிருந்து எந்தக் கரியை எடுத்துக் குடுத்தீங்க? எவன் வீட்டு அடுப்புக் கரி இது?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அறிவியல் மாறாது என்று எழுதினாய். மாறாமலேயே குப்பைக்குப் போய்விட்டது. தீக்கு முன்னால் எடுத்த கரி அது ஒன்றுதான் இந்த உலகத்திலேயே இருக்கிறது. அதற்கு மரியாதையே ஜனவரி 13 என்ற தேதிதான். அந்தத் தேதியை எடுத்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்திருக்கிறாய். சுவரில் எழுதியபோதும் இதைத்தான் செய்தாய். எனக்கு எது போதும் என்று எப்போதும் நீயேதான் முடிவு செய்கிறாய்.

உனக்குப் பதவி உயர்வு. நடேசன் அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனாராம். "நூம்பல்ல பீடியால நெருப்பு வெச்ச ஆளுதானே நீ?" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் எல்லா அசோசியேஷனுக்கும் அவர் போட்டோ போயிருக்கிறது.

ரோஹித் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். கவனக்குறைவால் நடந்தது என்று நடேசன் அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்சூரன்ஸ் பணம் சீக்கிரம் வந்துவிடுமாம், போலீஸ் புகாரையும் வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். அண்ணன் இதுவரை மறுத்துக்கொண்டிருக்கிறார்.

சரியான தேதி போட்டு அறிக்கையை அனுப்பு. அது கைக்கு வந்த அன்றே நான் போய், பீடி என்று சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன். முதலில் நீ, பிறகு நான்.

வினோத்

*

புனே
10 ஜூன் 2024

தம்பிக்கு,

பத்து நாள் இழுத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் நான்கு நாள் பயத்தில் இழுத்தேன். மீதி ஆறு நாள், இவன் முதலில் போகட்டுமே, பொய் சொன்னவன் அவன்தானே என்ற வீம்பில் இழுத்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நேற்று இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, டிராயர், உன் சீட்டு, அம்மா, எல்லாம். அவர் நேர்முகத்துக்கு என் பெயர் போகாது என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். வருத்தம் இருந்தது. மூச்சும் கொஞ்சம் சரியாக விட முடிந்தது.

புதிய அறிக்கை இதோடு இருக்கிறது. மாதிரி பெறப்பட்ட தேதி: 13 ஜனவரி 2024. கீழே, பதிவேட்டில் ஏற்றத் தவறியது என் பிழை என்று நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நீ டப்பாவோடு வைத்த சீட்டின் நகலும், உன் ஒப்புகை அட்டையின் நகலும் இணைப்பில். இதை எந்தச் சர்வேயரும் தள்ள முடியாது.

இது கைக்கு வந்ததும் ஒரு நாள்கூடத் தள்ளாதே. தபாலே நாலைந்து நாள் எடுத்திருக்கும். நடேசனிடம் போய், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். ஏன் என்றும் சொல். பாதி சொல்லி நிறுத்தாதே, அது என் பழக்கம். உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், கூப்பிடு என்று இங்கே எழுதுகிறேன். நானே கூப்பிடலாம் என்று எடுத்து, மூன்று முறை வைத்துவிட்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அக்கா

*

அண்ணனூர்
20 ஜூன் 2024

அக்காவுக்கு,

உன் தபால் 15ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. அன்று வரைக்கும் நான் போகவில்லை. முதலில் நீ என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை எடுத்து வைத்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒரு முறை அடித்திருந்தால் போதும் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நானும் நூம்பல் வழியாகத் தினம் பைக்கில் போனவன்தான். நடேசன் அண்ணன் வீட்டுத் தெரு வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு போனவன்.

தபாலைப் பிரித்த கையோடு ரோஹித்திடம் போனேன். அறிக்கையைக் கொடுத்தேன். பீடி என்று சொன்னது நான்தான், அது பொய் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் உன் ஆறு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். படித்தவர், அவருக்குப் புரிந்தது. "வினோத், நடேசன் புதன்கிழமையே எழுதிக் குடுத்துட்டாரே. இன்சூரன்ஸ் செட்டில் ஆயிடுச்சு, புகாரையும் வாபஸ் வாங்கிட்டோம். இப்ப இதத் தெறந்தா அவருக்குத்தான் சிக்கல். பொய்யா எழுதிக் குடுத்தாருன்னு ஆகும்" என்றார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வாசலில் பசுமைச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது, கண்ணாடி போட்டு.

புதன்கிழமை என்றால் 12ஆம் தேதி. உன் தபால் ரயிலில் இருந்திருக்கும்.

அங்கிருந்து நடேசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அண்ணி உள்ளே இருந்தார்கள், வெளியே வரவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன மாதிரி முழுசாகச் சொன்னேன். எண்ணெய், கரி, தாள், ஓரம், நாலரை மடங்கு, டப்பா, உன் டிராயர். கடைசியில் சர்வேயரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினேன். இடது கையால் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா எரிஞ்சிது? நல்லா கீதே, கோலம் கலைஞ்சாப்ல" என்றார்.

"அண்ணே, நீங்க காரணம் இல்லண்ணே" என்றேன்.

"அப்டியா? நானே நம்பிட்டேன் வினோத்து. அத்தினி பேரு சொல்றாங்களே, ஒருவேள நாந்தான் எதுனா பண்ணிட்டனோன்னு. ராவெல்லாம் யோசிச்சிகினு கெடப்பேன். பீடி எங்க கெடைச்சிது, யார்கிட்ட வாங்கினேன்னு. ஒண்ணும் நெனப்பு வரல. வயசாயிட்ச்சி, மறந்துட்டேன் போலன்னு நெனச்சிதான் கையெழுத்து போட்டேன்."

என்னைத் திட்டவில்லை, அக்கா. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் உனக்கு இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். படத்தைப் பத்திரமாக மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்தார். புதுக் கட்டு, இரண்டோ மூன்றோதான் குறைந்திருந்தது.

"இன்னாண்ணே இது? விட்டுப் பதினோரு வருசம் ஆச்சே" என்றேன்.

"குடிச்சன்னு எழுதியே குடுத்துட்டேன். இனிமே குடிக்காம இருந்து இன்னா ஆவப்போது?"

ஒன்றை உருவி வாயில் வைத்தார். தீப்பெட்டியை இடது கையில் பிடித்தார். வலது கை விரல்கள் குச்சியைப் பிடிக்கவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தார், மூன்று குச்சியும் கீழே விழுந்தது. பிறகு பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

நான்தான் கிழித்துப் பற்றவைத்தேன்.

தம்பி
வினோத்